தாதுக்களின் பிறப்பிடமும் நமது கடமையும்

கல்லூரி விழா மலர்களிலே சென்ற காலத்தைப் போற்றுவது மரபு. நிறுவியோரையும் ஆசிரியப் பெருமக்களையும் நினைந்து நன்றி செலுத்துதல் பழைய மாணவராகிய நமக்கு உரிய கடனுமாகும். எனினும், விழாக் கொண்டாடும் ஒரு கல்லூரி வருங்காலத்துக்கு யாது செய்யப்போகின்றது என்னும் வினாவையும் அதே மலரில் எழுப்புதல் பொருத்தமுடையது என எண்ணுகின்றோம். உடப்புசல்லாவை மலைச்சாரல்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து இக்கல்லூரிக்குக் கற்கவந்த நாம், அம்மலைகளின் கல்லைப்பற்றியும் இத்தீவின் தாதுக்களைப்பற்றியும் இங்கு சில சொல்ல விரும்புகின்றோம். இந்நாட்டின் கல்லையும் தாதுவையும் இந்நாட்டு மாணவரே படித்தறியும் ஆற்றல் பெறவேண்டும். அதற்கான முதலடியை இவ்விழா ஆண்டிலேயே இக்கல்லூரி எடுத்துவைக்கவேண்டும். இதுவே எமது கருத்து.

உலோகத்தைப் பயன்படத்தக்க அளவிற் கொண்ட கனிமத் திரளையே தாது என்கின்றோம். செம்பும் ஈயமும் இரும்பும் பூமியின் பாறைகளெங்கும் சிறிது சிறிதாகப் பரவிக் கிடக்கின்றன. அவை ஓரிடத்தில் மாத்திரம் வெட்டியெடுக்கத்தக்க வண்ணம் திரண்டது எவ்வாறு? இவ்வினா வீண் ஆராய்ச்சியன்று. பழங்கடலின் அடியிலே படலம் படலமாகப் படிந்த தாதுவாயின், அப்படலம் செல்லும் வழியே மேலும் தேடவேண்டும். ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீர்க் கரைசல் பாறை வெடிப்புக்களில் விட்டுச்சென்ற தாதுவாயின், அவ்வெடிப்புக்களின் வழியே தேடவேண்டும். பிறப்பைப் பிழையாகக் கொண்டவன் துளையிடும் இடத்தையும் பிழையாகவே கொள்வான். பெரும்பணமும் காலமும் பாழாகும். ஆதலால் தாதுவின் பிறப்பை அறிதல் அதன் பயனை அறிதற்கு முற்பட்ட வேலையாகும்.

கண்ணாற் கண்டும் நுணுக்குக்காட்டியால் நோக்கியும் அறியமுடியாத இப்பிறப்பு வரலாற்றை, தாதுவிலுள்ள அணுக்களே கூறுகின்றன. ஒரே மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. கருவிலுள்ள புரோத்தன்களின் தொகை ஒன்றாயிருக்க, நியூத்திரன்களின் தொகையில் வேறுபடும் அணுக்களைச் சமதானிகள் என்பர். ஈயத்துக்கு இயற்கையில் 204, 206, 207, 208 எனத் திணிவெண் கொண்ட நான்கு சமதானிகள் உள. இவற்றுள் ஈயம் 204 வேறெம்மூலகத்தின் சிதைவினாலும் புதிதாகத் தோன்றுவதில்லை. ஏனைய மூன்றும் நாளும் பெருகுவன. யுரேனியம் 238 சிதைந்து ஈயம் 206 ஆகின்றது; அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம் 235 சிதைந்து ஈயம் 207 ஆகின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். தோரியம் 232 சிதைந்து ஈயம் 208 ஆகின்றது. அதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

இதனால் விளைவது யாது? ஒரு பாறையிலே ஈயமானது யுரேனியத்தோடும் தோரியத்தோடும் கூடியிருக்குமட்டும் 206, 207, 208 ஆகியவற்றின் கணக்கு ஏறிக்கொண்டே செல்லும். அவ்வீயம் பாறையினின்றும் பிரிந்து கலீனா என்னும் ஈயத்தாதுவாகத் திரண்டவுடன் அக்கணக்கு நின்றுவிடும். ஏனெனில் கலீனாவில் யுரேனியமும் தோரியமும் மிக மிக அற்பமாகவே உள்ளன. தோட்டத்துச் செக்ரோலிலே ஒருவர் பெயருக்கு நேரே நாட்கள் ஏறிக்கொண்டே வந்து, அவர் தோட்டம் மாறிய அன்று அவ்வரி நின்றுவிடுவதை நம்மவர் அறிவர். கலீனாவின் சமதானி விகிதமும் அத்தகைய நின்றுபோன வரியே. அதனைப் படிப்போர், அவ்வீயம் எத்துணைக் காலத்துக்கு முன் பிரிந்தது என்பதையும், எத்தகைய பாறையிலிருந்து வந்தது என்பதையும் மதிப்பிடலாம்.

இவ்வரிய கலை பிறந்த வரலாற்றில் இலங்கைக் கல்லுக்கு ஒரு தனியிடம் உண்டு என்பதை நம்முட் பலர் அறியார். 1877 இல் கொழும்பிலே பிறந்து, சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலைப் பேரறிஞராகவே நாம் போற்றுகின்றோம். அவர் முதலிற் கற்றது புவிச்சரிதவியலாகும். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிமவியல் அளவையின் பணிப்பாளராக அவர் கடமையாற்றிய காலத்திலேதான், சப்பிரகமுவப் பகுதியின் இரத்தினக்கல் மண்ணிலிருந்து கரிய, கனத்த புதுக் கனிமமொன்று வெளிப்பட்டது. இலண்டனில் ஆராயப்பட்ட அக்கனிமம் தோரியத்தைப் பெருமளவிற் கொண்டிருந்தமையால் 1904 ஆம் ஆண்டிலே தோரியனைற்று எனப் பெயர் பெற்றது.

அடுத்த பத்தாண்டிலே விஞ்ஞான உலகில் ஒரு பெரும் வினா எழுந்தது. ஒரு மூலகத்தின் அணுநிறை எங்கும் ஒன்றே என்பது அதுவரை இரசாயனவியலாரின் உறுதியான நம்பிக்கை. 1913 இல் சமதானி என்னும் கருத்தைப் பெயரிட்டு வெளியிட்ட பிரெடெரிக் சொடி அவர்கள், தோரியத்திலிருந்து பிறந்த ஈயம் சாதாரண ஈயத்தினும் கனமானதாகவும், யுரேனியத்திலிருந்து பிறந்த ஈயம் அதனினும் இலேசானதாகவும் இருத்தல்வேண்டும் எனக் கருதினார். இதனை மெய்ப்பிக்கத் தோரியம் மிகுந்தும் யுரேனியம் குறைந்தும் உள்ள கனிமம் வேண்டியிருந்தது. அவர் கைக்கொண்டது இலங்கைத் தோரைற்று. 1914 இல் அவரும் அவருடைய உதவியாளரும் அதிலிருந்து பிரித்தெடுத்த ஈயம் எதிர்பார்த்தவாறே கனத்திருந்தது. பின்னர் நடந்த நுண்ணிய அளவீட்டில் அதன் அணுநிறை 207.77 எனக் கண்டனர்; சாதாரண ஈயத்தினது 207.2 ஆகும். அதே 1914 இல் அமெரிக்காவிலே ரிச்சாட்ஸ் அவர்கள் பல நாட்டு யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை நிறுத்து, அவை சாதாரண ஈயத்தினும் இலேசானவை எனக் காட்டினார். அவர் ஆராய்ந்தவற்றுள் யுரேனியமும் கலந்துள்ள நமது தோரியனைற்றும் ஒன்று. ஓர் ஈயத்துண்டு எங்கே, எதனிடத்துப் பிறந்தது என்பதை அதன் அணுநிறையே உரைக்கும் என்று உலகம் ஏற்றுக்கொண்ட வழக்கிலே, சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற கற்களுள் நம் தீவின் கல்லும் இருந்தது என்க.

பின்னர் இக்கலை விரைந்து வளர்ந்தது. திணிவு நிறமாலைமானியின் துணைகொண்டு அமெரிக்க அறிஞர் நியர், வெவ்வேறிடத்து ஈயத் தாதுக்கள் வெவ்வேறு சமதானி விகிதம் உடையன என்பதை 1938 இல் நிறுவினார். விண்கல்லில் உறைந்திருந்த ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956 இல் பற்றர்சன் கணித்தார். ஈயத்தோடு நில்லாது கந்தகம், ஒட்சிசன், காபன் முதலியவற்றின் சமதானிகளும் தாதுவின் பிறப்பை ஆராயப் பயன்படலாயின.

நம் நாட்டிலேயே இதற்கேற்ற பொருள் உண்டு. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவுக்கு அணித்தாய், செம்பும் காந்த இரும்புத்தாதுவும் கலந்த படிவு 1971 இற் கண்டறியப்பட்டது. அது கிடப்பது உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்னும் இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையோரத்தில். அது பழம் படிவுகள் உருமாறியதால் விளைந்தது என்றும், உருகுபாறையோடும் வெந்நீர்க் கரைசலோடும் தொடர்புடையது என்றும் வெவ்வேறு விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. இத்தகைய வழக்கிலே கந்தகச் சமதானிகளின் சாட்சியம் பெரிதும் உதவும். பூமியின் ஆழத்துக் கந்தகத்தில் 34 என்னும் சமதானியின் விகிதம், ஒப்பீட்டு நியமத்தை ஏறக்குறைய ஒத்திருக்கும். இக்காலக் கடல்நீரின் சல்பேற்றில் அது ஆயிரத்துக்கு 21 பங்களவு மிகுந்திருக்கும். தாதுவிலுள்ள கந்தகத்தை அளந்தால் அது ஆழத்தின் பிள்ளையா கடலின் பிள்ளையா என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும். ஆயினும் ஒரு சாட்சியை மாத்திரம் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. நமது பாறைகள் 60 கோடி ஆண்டுக்கும் 55 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தையொட்டிப் பெருவெப்பத்திலும் அமுக்கத்திலும் வெந்து உருமாறியவை. அவ்வேளையிலே சில கணக்குகள் கலைந்தும் இருக்கலாம். எனவே களத்திற் கல்லைப் பார்த்தவரும் ஆய்வுகூடத்தில் அணுவை அளந்தவரும் ஒருங்கிருந்து பேசுதல்வேண்டும். அக்களத்தை அறிந்தவர் அவ்வூரவராயிருப்பின் இன்னும் நன்று.

உடப்புசல்லாவை மலைகள் மேற்சொன்ன உயர்நிலத் தொகுதியைச் சேர்ந்தவை. 1988 இல் ஜெர்மனியைச் சேர்ந்த மிலிசெண்டாவும் அவர்தம் துணைவரும் நியோடிமியம் என்னும் மூலகத்தின் சமதானிகளைக்கொண்டு இத்தீவின் பாறைகளை வகுத்துக் காட்டினர். உயர்நிலத் தொகுதியின் மூலப்பொருள் 200 கோடி ஆண்டுக்கும் முன்னரே பூமியின் ஆழத்தினின்றும் பிரிந்தது என்பதும், அதன் இருமருங்கும் உள்ள பாறைகளின் மூலப்பொருள் அதனினும் இளையது என்பதும் அதனாற் புலனாயின. நாம் நாள்தோறும் மிதித்து நடந்த கல்லின் வயதை அயல்நாட்டார் அளந்து கூற, நாமோ அதனை அறியாமலே தேர்வெழுதி வெளியேறினோம். அவர்கள் செய்தது பெரும் தொண்டு. அதிற் குறைகூற யாதுமில்லை. நம்மவரும் அதில் பங்குகொள்ளவேண்டும் என்பதே எமது ஆதங்கம்.

இக்கலை சமயத்துக்கும் கலைக்கும் புறம்பானதன்று. பொலன்னறுவைச் சிவாலயங்களின் அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலிய திருவுருவங்களைக் கொழும்பு நூதனசாலையிற் கண்டு வணங்கியோர் நம்முட் பலர். இலங்கை வெண்கலங்களைப்பற்றி 1914 இலே நூலெழுதியவரும் அதே ஆனந்த குமாரசுவாமி அவர்களே. இத்திருமேனிகள் இங்கேயே வார்க்கப்பட்டனவா, சோழநாட்டிலிருந்து வந்தனவா என்பது நெடுநாளைய வினா. தென்னிந்தியாவின் நூற்றுக்கு மேற்பட்ட உலோகத் திருவுருவங்களில் ஊசிமுனையளவு எடுத்து, அவற்றின் ஈயச் சமதானிகளையும் சிறுகூறுகளையும் சாரதா சீனிவாசன் அம்மையார் ஆராய்ந்து, பல்லவர் காலத்தன, சோழர் காலத்தன, விசயநகரக் காலத்தன எனப் பிரித்தறிய அது துணைசெய்வதைக் காட்டினார். இதற்கும் ஓர் எல்லையுண்டு. பழைய பாத்திரங்களையும் திருவுருவங்களையும் உருக்கி மீண்டும் வார்த்திருப்பின் பல ஊர் ஈயங்கள் கலந்துபோம். மேலும், ஈயம் வந்த ஊரை அது கூறுமேயன்றி, வார்த்த கையின் ஊரைக் கூறாது. சோழநாட்டு ஈயத்தை இலங்கைத் தபதியும் வார்த்திருக்கலாம் அன்றோ?

பிறப்பிடம் என்னும் சொல் மலைநாட்டுத் தமிழர் செவியில் வேறொரு வகையாகவும் ஒலிக்கும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தை இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த காலத்திலே பிறந்த தோட்டத் தொழிலாளர் அச்சான்றுக்கு எங்கே போவர்? எஞ்சியிருந்தோரின் குறை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை நீடித்தது. இதனை ஈண்டு நினைவூட்டுவது பழம்பகையை வளர்க்கவன்று. பிறப்பிடத்தை ஆராய்வது கல்லுக்குப் பொருந்தும். அதனால் அறிவு வளரும். மனிதரிடத்து அதனை உரிமைக்கு அளவுகோலாக்கினால் துன்பமே வளரும். கல்லின் பிறப்பை ஆராயும் மாணவன் இவ்வேறுபாட்டையும் உணர்ந்தவனாக வளர்தல்வேண்டும். 200 கோடி ஆண்டு வரலாற்றைக் கையில் ஏந்திப் பார்த்தவனுக்கு, யார் முந்தி வந்தார் என்னும் சச்சரவு சிறிதாகவே தோன்றும்.

“வறுமையில் உழலும் தோட்டப் பிள்ளைகளுக்கு மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் இருக்க, சமதானியும் தாதுவும் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மருத்துவரும் பொறியியலாளரும் வேண்டும். அதிற் கருத்து வேற்றுமையில்லை. ஆயின் மலைநாட்டிலே வாழ்பவனுக்குத் தன் காலடி நிலத்தைப்பற்றிய கல்வி ஆடம்பரமன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்த துயரத்தை மறக்கமுடியுமோ? அவ்விடம் ஆபத்தானது என அறிந்தோர் அதற்கு முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கையின் பொருளை உணர்ந்து, மக்களுக்கு அவர் மொழியிலே விளக்கி, அதிகாரிகளிடம் விடாது வற்புறுத்த, அம்மக்களிடையே கற்றவர் வேண்டும். சமதானியை அளப்பவனும் சரிவை அளப்பவனும் ஒரே வகுப்பிலிருந்தே புறப்படுகின்றனர். இருவருக்கும் முதற்பாடம் கல்லை அறிதலே.

நாட்டின் செல்வத்தைக் காப்பதற்கும் இக்கல்வி வேண்டும். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவை அயல்நாட்டு நிறுவனமொன்றோடு சேர்ந்து தோண்ட எண்ணியபோது, அவ்வூர் விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். படிவின் இடம், அளவு, தரம் ஆகியவற்றை முற்றாக ஆராயுமுன் அத்திட்டத்தில் இறங்கலாகாது என 2000 ஆம் ஆண்டிலே நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உலோகத் தாதுவன்று. எனினும் நீதி எல்லாத் தாதுவுக்கும் ஒன்றே. அங்குள்ள காபனேற்றுப் பாறை உருமாறிய சுண்ணக்கல்லா, உருகுபாறையிற் பிறந்ததா என்பதைத் தெளியவும் சமதானிகள் பயன்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது. பொருளை அறியாது விலைபேசுபவன் ஏமாறுவான். அறிவதற்கு ஆளில்லாத நாடு, பிறர் சொன்ன விலையையே ஏற்கும்.

இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் திரட்டும் நிதியை வாயில் வளைவுக்கும் சிலைக்கும் செலவிடலாம் என்று ஒரு கருத்து உண்டு. அவற்றை நாம் இகழவில்லை. ஆயினும் அந்நிதியின் ஒரு பகுதியைக்கொண்டு மூன்று காரியங்களைத் தொடங்குமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது, கல்லூரியில் ஒரு கனிமப் பேழை. திணிவு நிறமாலைமானி வாங்குவது பாடசாலைக்கு இயலாத காரியம். கண்ணாடிப் பேழை இயலாததன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தத்தம் ஊர்க் கல்லை ஒவ்வொன்று கொண்டுவரட்டும். உடப்புசல்லாவைப் பாறையும், புல்மோட்டை இல்மனைற்று மணலும், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் ஒரே பேழையில் அமைந்து, பெயரும் இடமும் வயதும் நல்ல தமிழில் எழுதப்பட்டிருத்தல்வேண்டும். கதிர்வீசும் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், நூலிலுள்ள எண்களோடு நில்லாது, வெளிவந்துள்ள இலங்கைப் பாறைகளின் அளவீடுகளைக்கொண்டே மாணவரை வயது கணிக்கச் செய்யலாம். அதற்கு வேண்டியது கரும்பலகையும் வரைபுத் தாளுமே.

இரண்டாவது, பல்கலைக்கழகத்திலே புவிச்சரிதவியல் பயிலச் செல்லும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம். பேராதனையில் அப்பாடம் கற்பிக்கப்படுகின்றது. அஃது உடப்புசல்லாவையிலிருந்து தொலைவுமன்று. மலைநாட்டுப் பாடசாலைகளிற் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாமையால் அங்குள்ள கூர்மதியுடைய பிள்ளைகள் பிற துறைகளுக்குத் திரும்பிவிடுகின்றனர். அத்தகைய ஒருவரை இக்கல்லூரியின் விஞ்ஞான வகுப்பிற் சேர்த்து விடுதியிலும் இடமளித்தல் இவ்வுதவியின் முதற்படியாகட்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை தமிழிலே ஒரு விஞ்ஞானப் பேருரை. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் பணிபுரியும் அறிஞரை அழைத்தால் அவர் மகிழ்ந்து வருவர். அவர் ஆங்கிலத்தில் ஆராய்ந்ததைத் தமிழிற் சொல்லும்போது நமது மொழிக்கும் சொல்வளம் சேரும்.

இம்மூன்றும் பெருஞ்செலவு கோருவன அல்ல. பத்தாண்டில் ஒருவரேனும் இக்கல்லூரியிலிருந்து புறப்பட்டு, சேருவிலத் தாதுவின் பிறப்பைத் தெளிவித்தாலும், மலைச்சரிவில் வாழும் ஓர் ஊரை முற்கூட்டியே காத்தாலும், இட்ட முதல் பன்மடங்காகத் திரும்பிவந்ததாகக் கொள்ளலாம். ஆசிரியப் பெருமக்கள் இதனை ஆராய்ந்து நெறிப்படுத்துவர் எனவும், பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இது பிரேரணையாக எடுத்துக்கொள்ளப்படும் எனவும் நம்புகின்றோம். இளமாணவர் அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. வரும் விடுமுறையிலேயே ஆளுக்கொரு கல்லோடு திரும்பிவருவாராக.